அகிரா: "நொடிக்கு 24 ஓவியம்" என்ற புளுகு

#1 கேமராமேசை

அகிரா என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் பற்றி ஒரு காணொளி இரண்டு வாரமாகச் சுற்றுகிறது. 1988 ஜூலை 16 அன்று ஜப்பானில் வெளியான அந்தப் படத்துக்கு, இயக்குநர் கட்சுஹிரோ ஒடோமோ நொடிக்கு 24 புதிய ஓவியம் வரைய வைத்தாராம். வரைந்த செல் (உருவத்தைத் தீட்டும் ஒளிபுகும் தாள்) எதையும் இரண்டாம் முறை கேமராவுக்கு அடியில் வைக்கவே இல்லையாம். அதனால்தான் 1,60,000 செல் ஆனதாம். இங்கே மூன்று இழைகளில் இதை அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். படித்துப் படித்து எரிச்சல்தான் மிச்சம்.

கணக்குப் போடத் தெரியாதா யாருக்கும்? படம் 124 நிமிடம். அதாவது 7,440 நொடி. நொடிக்கு 24 என்றால் 1,78,560. கையில் இருப்பதோ 1,60,000. படம் முழுக்க ஒரே ஒரு அடுக்குச் செல்லால் எடுத்திருந்தால்கூட 18,560 குறைகிறது. சில ஜப்பானியப் பதிவுகளில் ஓவிய எண்ணிக்கை ஒன்றரை லட்சம் என்றே இருக்கிறது. அதை எடுத்தால் இன்னும் குறையும்.

படம் மகத்தானது. அதற்காகப் பொய்யான எண்ணை அதன் கழுத்தில் மாலையாகப் போட வேண்டாம்.

#2 நியோடோக்கியோ88

படம் 24 ஃபிரேம்ல ஓடுது. இதை யாராலயும் மறுக்க முடியாது. நீங்க சொல்ற 18,560-ஐ 24-ஆல வகுங்க. 773 நொடி. பதிமூணு நிமிஷம்கூட இல்ல. டைட்டில், கடைசில ஓடுற பேர்கள், வெறும் பேக்ரவுண்ட் மட்டும் காட்டுற ஷாட், இதெல்லாம் சேர்ந்தாலே பதிமூணு நிமிஷம் வந்துடும். மீதி எல்லாம் 24 தான். உங்க கணக்கே காணொளிக்குத்தான் சாட்சி சொல்லுது.

#3 கேமராமேசை

அடுக்கு என்ற சொல்லையே நீங்கள் படிக்கவில்லை. ஒரு ஷாட்டில் படத்தின் நாயகன் கனேடா நிற்கிறான், அவன் நண்பன் டெட்சுவோ நடக்கிறான், பின்னால் கூட்டம் அசைகிறது என்று வையுங்கள். கனேடாவின் உடல் ஒரு செல், அவன் வாய் இன்னொரு செல், டெட்சுவோ மூன்றாவது, கூட்டம் நான்காவது. கேமரா ஒரு ஃபிரேம் எடுக்கும்போது நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். ஒரு ஃபிரேமுக்கு ஒரு செல் என்பது ஒற்றை உருவம் மட்டும் அசையும் ஷாட்டுக்குத்தான் பொருந்தும். அகிராவில் அப்படிப்பட்ட ஷாட் எத்தனை? அந்தப் படமே கூட்டம், புகை, இடிபாடு, கண்ணாடித் துண்டு.

1,60,000-ஐ 7,440-ஆல் வகுத்தால் நொடிக்கு 21.5 செல். சராசரியாக இரண்டு அடுக்கு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு அடுக்குக்கு நொடிக்கு 10.75. அது 24 அல்ல. 24-இன் பாதிகூட அல்ல.

#4 பென்சில்சீவி

ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் "24"னு சொல்றது ஒரே விஷயமா? ப்ரொஜெக்டர்ல ஓடுற ஃபிரேம் எப்பவுமே நொடிக்கு 24. அது அகிராவுக்கும் 24, ஞாயித்துக்கிழமை டிவி தொடருக்கும் 24. அந்த 24-ல எத்தனை தடவை ஓவியம் மாறுதுங்கறதுதான் வேற கேள்வி. ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறினா ஒன்ஸ், நொடிக்கு 24. ஒரு ஓவியத்தை ரெண்டு ஃபிரேம் பிடிச்சா டூஸ், 12. மூணு பிடிச்சா த்ரீஸ், 8. ஜப்பான்ல டிவி வேலை பெரும்பாலும் த்ரீஸ்தான்.

முதல்ல இதப் பிரிச்சுக்கிட்டுப் பேசலாமா? "ஃபிரேம்"னா என்ன, "ஓவியம்"னா என்ன, "செல்"னா என்னன்னு மூணையும் எழுதி வெச்சுட்டா சண்டையில பாதி போயிடும்.

#5 நியோடோக்கியோ88

அதான் சொல்றேன், 24. ஃபிரேம் 24 தானே? அப்ப 24 தான்.

#6 கேமராமேசை

நொடிக்கு 10.75. மேலே கணக்கு இருக்கிறது.

#7 கல்லுளி

கேமராமேசை ஐயாவுக்கு ஒரு பழைய பாக்கியை நினைவூட்டுகிறேன். போன மாதம், ஜிப்லி ஸ்டுடியோவுக்காக மியாசாகி இயக்கிய மோனோநோகே படம் பற்றிய இழையில் "ஏறத்தாழ 1,44,000 செல், அதில் 80,000-ஐ மியாசாகி தாமே தொட்டுத் திருத்தினார்" என்று இதே ஐயா நான்கு பத்தி உருகினார். அந்தப் படம் 133 நிமிடம், 7,980 நொடி. வகுத்தால் நொடிக்கு 18. அங்கே வராத வகுத்தல் இங்கே மட்டும் ஏன் வருகிறது? ஜிப்லி என்றால் கால்குலேட்டர் அணைந்துவிடுமோ?

#8 கேமராமேசை

மோனோநோகே நொடிக்கு 24 ஓவியம் என்று நானும் சொல்லவில்லை, அந்த இழையில் வேறு யாரும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை மறுக்க எதற்கு வகுக்க வேண்டும்? அன்று நீங்கள் தோற்றுப்போன வாதம் வேறு. அதை இங்கே இழுக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கே ஒன்ஸ் கட்டாயம், எங்கே தேவையில்லை என்பதைத் தீர்மானிப்பது டைம்ஷீட். ஆறு நொடிக்கு ஒரு தாள், 144 வரி, வரிக்கு ஒரு ஃபிரேம். ஏ, பி, சி, டி என்று அடுக்குகளுக்கு ஒவ்வொரு பத்தி, கடைசியில் கேமராவுக்கான குறிப்பு. ஏ பத்தி டூஸில் ஓடும்போதே பி பத்தி ஒன்ஸில் ஓடலாம். ஒரே ஷாட்டில், ஒரே நொடியில். ஆகவே "இந்தப் படம் ஒன்ஸ்" என்ற வாக்கியத்துக்கே பொருள் கிடையாது.

கால் தரையில் படும் நடையை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா ஆளைத் தொடர்ந்து போக வேண்டும் என்றால், பின்னணி ஓவியத்தை ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார்கள். ஆளின் ஓவியம் டூஸில் இருந்தால் இரண்டாவது ஃபிரேமில் தரை நகர்ந்துவிடும், கால் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்குப் பாதம் பனிக்கட்டியில் வழுக்குவது போலத் தெரியும், உருவத்தின் ஓரம் துடிக்கும். இதற்கு மூன்று வழி உண்டு. நடையை ஒன்ஸில் வரைவது. இரண்டாவது ஃபிரேமில் அதே செல்லைத் தரையோடு அதே அளவு நகர்த்திப் பிடிப்பது. பின்னணியையும் டூஸில் இழுப்பது. மூன்றாவது மலிவானது, ஆனால் திரை முழுக்க வெட்டி வெட்டி ஓடும். அகிரா பணத்தைக் கொட்டியது முதல் வழியில். அதையாவது புகழுங்கள்.

#9 புள்ளிமயில்

எண்ணில் இவ்வளவு துல்லியம் பார்க்கும் கேமராமேசை அவர்கள் இயக்குநரின் பெயரை மட்டும் இப்படிச் சிதைப்பானேன்? "ஒடோமோ" என்று எழுதினால் தமிழ் வாசகர் நடுவில் உள்ள டகரத்தை மென்மையாகத்தான் படிப்பார். ஜப்பானியப் பெயரில் அது வல்லொலி, அதுவும் பல்லொலி. முதல் உயிரும் நெடில். "ஓத்தோமோ" என்பதே கிட்டத்தட்ட வரும். "அகிரா"வுக்கும் இதே கதிதான். உயிர்களுக்கு நடுவே தனிக் ககரம் வந்தால் அது ஜப்பானியக் ககரம் அல்ல.

#10 நியோடோக்கியோ88

அப்ப "அக்கிரா"ன்னு எழுதணுமா? அக்கிரகாரம் மாதிரி இருக்கு.

#11 புள்ளிமயில்

அக்கிரா என்றால் ககரம் இரட்டிக்கும், அதுவும் பிழைதான். எந்தப் பக்கம் போனாலும் ஒரு இழப்பு உண்டு, அது தெரிந்தே சொல்கிறேன். அகிரா என்று எழுத்தில் பழகிவிட்டது, அதை விட்டுவிடலாம். ஒடோமோ அப்படிப் பழகவில்லை, இப்போதே திருத்தலாம். நெடிலைக் குறிலாக்கியதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

#12 கேமராமேசை

சரி, ஓத்தோமோ. எண்ணுக்கு வாருங்கள்.

#13 நியோடோக்கியோ88

எண்ணுக்கே வரேன். கேமராமேசை, செல் எண்ணிக்கைய வெச்சு ஓவியம் எத்தனை தடவை மாறுச்சுன்னு சொல்லவே முடியாது. ஒரே செல்லைத் திரும்பத் திரும்ப வைக்கலாம். வாய் மூடின செல் ஒண்ணு, பாதி திறந்தது ஒண்ணு, முழுசா திறந்தது ஒண்ணு. மூணே செல்லை மாத்தி மாத்தி வெச்சு ஒரு நிமிஷம் பேச வைக்கலாம். நெருப்பு, சக்கரம், தண்ணி எல்லாமே சுழற்சி. அதனால 1,60,000 செல்லை வெச்சு 1,78,560-க்கும் மேல மாற்றம் காட்டலாம். உங்க 10.75 அடிப்படையே தப்பு.

#14 கேமராமேசை

அருமை. அப்படியானால் "எந்தச் செல்லையும் இரண்டாம் முறை வைக்கவில்லை" என்ற காணொளியின் பாதியை நீங்களே புதைத்துவிட்டீர்கள். மறுபயன்பாடு இல்லை என்றால் 24 சாத்தியமில்லை. 24 வேண்டும் என்றால் மறுபயன்பாடு வேண்டும். எது வேண்டும் என்று சொல்லுங்கள்.

#15 நியோடோக்கியோ88

24 வேணும்.

#16 பென்சில்சீவி

என் கேள்வியை யாரும் தொடலை, பரவாயில்லை. வரையற மேசைலேர்ந்து ஒண்ணு சொல்றேன். ஒன்ஸ்னா உசத்தி, டூஸ்னா மட்டம்னு ரெண்டு பேருமே நினைக்கிறீங்க. அது தப்பு.

மெதுவா திரும்பற தலைய ஒன்ஸ்ல போட்டா என்ன ஆகும்? ஒரு ஓவியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பென்சில் கோட்டோட தடிமனைவிடக் குறைஞ்சிடும். இன்பிட்வீன், அதாவது ரெண்டு முக்கிய ஓவியத்துக்கு நடுவுல வர்ற ஓவியம், போடறவர் அந்தக் கோட்டை நடுவுல வைக்கவே முடியாது. மேல கொஞ்சம், கீழ கொஞ்சம்னு விழும். ஓட்டிப் பாத்தா முகம் முழுக்கக் கோடு புழு மாதிரி நெளியும். அதே அசைவை டூஸ்ல போட்டா இடைவெளி இரட்டிப்பாகும், கோடு நிக்கும். அதனால மெதுவான நடிப்புக்கு டூஸ்தான் பாதுகாப்பு. ஒன்ஸ் வேண்டியது ஒரு ஃபிரேம்ல ரொம்ப தூரம் தாண்டற அசைவுக்கு. குத்து, வெடிப்பு, திரைக்குக் குறுக்கால பாயற பைக்.

தகாஷி நகாமுரா அந்தப் படத்துக்கு அனிமேஷன் மேற்பார்வை. அவருக்குக் கீழ கோஜி மொரிமோதோ, தோஷியுகி இனோவே, ஹிரோயுகி ஒக்கியுரா மாதிரி ஆட்கள். எங்க ஒன்ஸ் போடணும், எங்க விடணும்னு தெரிஞ்ச கைகள். 124 நிமிஷமும் கண்ணை மூடிக்கிட்டு ஒன்ஸ் போட்டாங்கன்னு சொல்றது அவங்களுக்குப் பாராட்டு இல்ல.

#17 கல்லுளி

இதைத்தான் சொல்ல வந்தேன். ஓத்தோமோ ஓத்தோமோ என்று கோயில் கட்டுகிறீர்கள். அவர் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வரைந்தவர். ஹாலிவுட்டோ டோக்கியோவோ, இயக்குநர் பெயர் மட்டும்தான் சுவரொட்டியில் மிஞ்சும். இன்பிட்வீன் போட்டவர்கள் பெயரை இங்கே ஒருவராவது சொல்வீர்களா?

#18 நியோடோக்கியோ88

மங்கா வரைஞ்சவர்னு இளக்காரமா சொல்லாதீங்க. 1982 டிசம்பர்ல யங் மேகஸின்ல தொடங்கி 1990 வரை வரைஞ்ச கதை, ஆறு தொகுதி, ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல. படம் வந்தப்ப மங்கா முடியவே இல்ல. முடியாத கதைக்கு முடிவு யோசிச்சு, இஸோ ஹஷிமோதோவோட சேர்ந்து திரைக்கதை எழுதி, இயக்கினவர். அதுக்கு முன்னாடி 1983-ல ஹார்மகெடான் படத்துக்குப் பாத்திர வடிவமைப்பு, 1987-ல ரோபோட் கார்னிவல் படத்தொகுப்புல தொடக்கமும் முடிவும், அதே வருஷம் நியோ டோக்கியோ தொகுப்புல "கட்டுமான நிறுத்த உத்தரவு". அனிமேஷன் தெரியாம நாற்காலில வந்து உக்காந்தவர் இல்ல.

#19 கல்லுளி

தெரியாதவர் என்று நான் எங்கே எழுதினேன்? எழுதாததைப் படிக்கும் பழக்கத்தைக் கேமராமேசையிடம் கற்றுக்கொண்டீர்கள் போல.

#20 கேமராமேசை

சண்டையை எங்கோ கொண்டுபோகிறீர்கள். யார் எண்ணினாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதற்காக, எண்ணும் முறையை எழுதுகிறேன்.

ப்ளூ-ரே எடுங்கள். அதில் நொடிக்கு 24 ஃபிரேம் அப்படியே இருக்கும், பொத்தானை ஒருமுறை தட்டினால் ஒரு ஃபிரேம் நகரும். பழைய அமெரிக்க, ஜப்பானிய டிவிடியில் எண்ணாதீர்கள். அதில் 24-ஐ 30-க்கு நீட்ட நான்கு ஃபிரேமை ஐந்தாக்கியிருப்பார்கள், ஐந்தில் இரண்டு கலப்படம், சீப்புப் பல் போலக் கோடு தெரியும். டூஸில் வரைந்தது சில இடத்தில் இரண்டாகவும் சில இடத்தில் மூன்றாகவும் வந்து குழப்பும். ஐரோப்பிய டிவிடி 25-இல் ஓடும், படமே 119 நிமிடமாகச் சுருங்கியிருக்கும்.

தொலைக்காட்சிப் பெட்டியில் அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். அது இல்லாத ஓவியத்தை நடுவில் தானே உண்டாக்கும். "அகிரா முழுக்க ஒன்ஸ்" என்று கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பெட்டியின் வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து, திரை மாறுகிறதா என்று பார்க்காதீர்கள். திரை ஒவ்வொரு ஃபிரேமும் மாறும். ஃபிலிமின் மணல் போன்ற துகள் மாறும், இழுக்கும் பின்னணி மாறும், ஒளி துடிக்கும். ஒரு உருவத்தைப் பிடியுங்கள். அதன் மூக்குக் கோட்டுக்கும் காதுக் கோட்டுக்கும் உள்ள உறவு மாறினால்தான் ஓவியம் மாறியது. மொத்தமாக இடம் பெயர்ந்தால் செல்லை நகர்த்தினார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு அடுக்கையும் தனியாக எண்ணுங்கள்.

இப்படி எண்ணினால் பேச்சுக் காட்சிகளில் டூஸ் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள்.

#21 நியோடோக்கியோ88

பைக் துரத்தல்ல அந்தச் சிவப்பு லைட் கோடு பின்னாடி இழுத்துட்டே வருதே, அது ஒவ்வொரு ஃபிரேமும் மாறுது. 24.

#22 கேமராமேசை

அது ஓவியமே அல்ல, வெளிச்சம். ஜப்பானியத் தொழிலில் தோக்காகோ என்பார்கள், ஊடுருவும் ஒளி. வழக்கமான செல்களை வைத்து ஷாட்டை ஒருமுறை முழுக்க எடுப்பார்கள், விளக்கு வர வேண்டிய இடத்தைக் கறுப்பாக விட்டு. பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, தொடங்கிய ஃபிரேமுக்கே கொண்டுவருவார்கள். இரண்டாவது ஓட்டத்தில் முழுக் கறுப்பு மறைப்பு, அதில் கோட்டின் வடிவத்தில் மட்டும் துளை, அடியிலிருந்து விளக்கு, நடுவே சிவப்பு வடிகட்டி. அதே ஃபிலிமில் இரண்டாவது முறை ஒளி விழும்.

இதில் தவறுவதற்கு வழி ஏராளம். சுற்றும்போது ஒரு ஃபிரேம் பிசகினால் வெளிச்சம் விளக்கை விட்டுக் கழன்று முன்னால் ஓடும். மறைப்பில் ஊசிமுனைக் கீறல் இருந்தால் வானத்தில் வெள்ளைப் புள்ளி மின்னும். ஒளி கூடினால் சிவப்பு வெளுத்து ஓரம் கசியும். எந்தத் தவறு நேர்ந்தாலும் முதல் ஓட்டமும் வீண், முழு ஷாட்டையும் மறுபடி எடுக்க வேண்டும். அந்தப் படத்தின் இரவு இத்தனை ஆழமாக இருப்பதற்கு இந்தப் பொறுமையும் 327 நிறமும் காரணம். அதில் ஐம்பதளவு அந்தப் படத்துக்கென்றே கலந்தவை. மேல் அடுக்குச் செல்கள் கீழே உள்ள நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும் என்பதால் ஒரே சிவப்புச் சட்டைக்கு அடுக்குக்கேற்ப வேறு வேறு சிவப்பு கலக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 24 என்ற ஒற்றை எண்ணில் தொங்குகிறீர்கள்.

#23 மூங்கில்காது

செல்லை மட்டும் பேசுகிறீர்கள், இசையை யாரும் சொல்லவில்லை. படத்துக்கு இசையமைத்த குழுவான கெய்னோ யமாஷிரோகுமியின் 1986-ஆம் ஆண்டு "ரின்னே" தொகுப்பைக் கேட்டுத்தான் ஓத்தோமோ அவர்களைத் தேடிப் போனார். கனேடாவின் பாடலில் ஒலிப்பது பாலித் தீவின் ஜேகோக், ராட்சத மூங்கில் குழாய்கள். மேலே வரும் "ராஸ்ஸேரா" அவோமோரி நெபுதா திருவிழாவின் கூவல். இதை வெண்கலக் கமலான் வாத்தியக் குழு என்று அந்தக் காணொளி சொல்கிறதே, அதற்கு யாரும் கோபப்படவில்லையே?

#24 கல்லுளி

கமலானும் அந்தப் படத்தில் இருக்கிறது. முழுப் பிழை அல்ல.

#25 மூங்கில்காது

கனேடாவின் பாடலில் முன்னால் நிற்பது மூங்கில். வெண்கலத்தையும் மூங்கிலையும் காது பிரிக்காதா? குழுத் தலைவர் ஷோஜி யமாஷிரோ இன்னொரு பெயரில் ஒலி அறிவியல் ஆய்வாளர், த்ஸுதொமு ஓஹாஷி. 2009 ப்ளூ-ரேயில் 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் ஒலியைக் கொடுத்தது காதுக்கு எட்டாத அதிர்வும் உடலில் வேலை செய்யும் என்ற அவரது கொள்கைக்காகத்தான்.

#26 பென்சில்சீவி

காதுக்கு எட்டாததைக் கேக்க ஸ்பீக்கரும் அதை எழுப்பணுமே. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எழுப்பாத ஸ்பீக்கர்ல 192-ம் ஒண்ணுதான், 48-ம் ஒண்ணுதான்.

#27 மூங்கில்காது

அதற்குத்தான் மேலொலிக்குத் ட்வீட்டர் என்ற தனிச் சிறு ஸ்பீக்கர் இருக்கிறது. கொள்கையைப் பழிக்கும் முன் கருவியைச் சரியாக வையுங்கள்.

#28 நியோடோக்கியோ88

ஒலின்னதும் ஞாபகம் வந்துச்சு. குரலை முன்னாடியே பதிவு பண்ணிட்டு அப்புறம் வாய வரைஞ்சாங்க. வழக்கமா ஜப்பான்ல படம் முடிஞ்சுதான் குரல். அப்ப வாய் ஒவ்வொரு எழுத்துக்கும் சரியா பொருந்தணும்னா 24 இல்லாம எப்படி?

#29 கேமராமேசை

பன்னிரண்டிலேயே பொருந்தும். டூஸ் என்றால் ஒரு ஓவியத்துக்கு 0.083 நொடி. ஜப்பானிய அசை அதைவிட நீளமானது. குரலை முன்பே பதிவு செய்ததன் பயன் வேகம் அல்ல, வடிவம். வழக்கமான மூன்று வாய்க்குப் பதிலாக ஆ, இ, ஊ, ஏ, ஓ ஒவ்வொன்றுக்கும் உதடு வேறாக வரையலாம், எந்த ஃபிரேமில் எந்த அசை என்று டைம்ஷீட்டிலேயே குறித்துக் கொடுக்கலாம். கனேடாவுக்கும் டெட்சுவோவுக்கும் குரல் கொடுத்த மிட்சுவோ இவாத்தாவும் நொஸொமு சசாகியும் மூச்சு வாங்கும் இடத்தில் கன்னமும் தோளும் அசைவது இதனால்தான். ஆங்கில மாற்றுக்குரலில் பார்த்துவிட்டு வாய் பொருந்தவில்லை என்பவர்கள் ஜப்பானியத்தில் பார்க்கட்டும். உதடு அந்த மொழிக்காக வரையப்பட்டது.

#30 கல்லுளி

ஆங்கிலத்தில் பார்ப்பவரைப் பழிக்காதீர்கள். 2001-இல் வந்த இரண்டாவது ஆங்கிலப் பதிப்பு வசனத்தைப் புரியும்படி சீர்செய்தது. அந்தக் கதை எல்லோருக்கும் முதல் முறையே புரிந்துவிடும் என்று நடிக்க வேண்டாம்.

#31 நியோடோக்கியோ88

கதை புரியலன்னா மங்கா படிங்க. ஒலிம்பிக்ஸ முன்கூட்டியே சொன்ன படம் அது. படத்துல ஒலிம்பிக்ஸுக்கு இன்னும் 147 நாள்னு பலகை, கீழ "நிறுத்து"ன்னு கிறுக்கல். 2020-ல அப்படியே நடந்துச்சு.

#32 கேமராமேசை

இதுவும் அதே நோய். டோக்கியோ போட்டி 2020 ஜூலை 24 தொடங்குவதாக இருந்தது. அதற்கு 147 நாள் முன்பு பிப்ரவரி 28. படம் நடப்பது 2019-இல். 2019-இன் கடைசி நாளிலிருந்து 147 நாள் எண்ணினாலும் மே 26-ஐத் தாண்டாது. பலகையும் தேதியும் எப்படி ஒட்டின? தள்ளிவைப்பு அறிவிப்பு வந்ததும் மார்ச் 24-ஆம் தேதி. ஒட்டாத எண்ணை ஒட்டவைப்பதில் உங்களுக்கு நல்ல பயிற்சி.

#33 புள்ளிமயில்

"முன்கூட்டியே சொன்ன" என்பதற்கும் "கற்பனை செய்த" என்பதற்கும் தமிழில் இரண்டு சொல் இருப்பது வீணாக இல்லை.

#34 நியோடோக்கியோ88

நாள் கணக்க விடுங்க. 2020 ஒலிம்பிக்ஸ்னு 1980-கள்ல எழுதினாரா இல்லையா? எழுதினார். அது போதும். இப்ப 24-க்கு வரேன். நீங்க சொன்ன மாதிரியே ப்ளூ-ரேல எண்ணிட்டேன். நகரத்து மேல கேமரா போற ஷாட், நாலு நொடி, 96 தட்டு, 96 தடவையும் மாறுது. முடிஞ்சுதா?

#35 கேமராமேசை

கேமரா போகிற ஷாட். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் பின்னணி ஓவியத்தை இழுக்கிறார்கள், ஒரே அட்டை. 96 மாற்றம், ஒரு ஓவியம். உருவத்தைப் பிடியுங்கள் என்று மேலே முழுப் பத்தி எழுதியது எதற்கு? படத்தில் வரும் விஞ்ஞானி டாக்டர் ஓனிஷியின் வட்ட அலைக் காட்டியையும் எண்ணிவிடாதீர்கள். அது கணினியில் செய்தது, செல் கணக்கிலேயே வராது.

#36 பென்சில்சீவி

இப்பவாவது "ஓவியம் மாறுது"க்கும் "ஃபிரேம் மாறுது"க்கும் ஆளுக்கொரு வரி எழுதலாமா? நான் நாலாவது பதிவுல கேட்டேன்.

#37 கல்லுளி

மோனோநோகேவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நொடிக்கு 18. குறித்து வையுங்கள்.

#38 நியோடோக்கியோ88

சரி, நகரம் வேண்டாம். கடைசில டெட்சுவோ உடம்பு வீங்கி ஸ்டேடியத்தையே நிரப்புது. அங்க உருவம்தான் மாறுது, கேமரா இல்ல, லைட் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. அங்க எண்ணுங்க. அதுக்கு பதில் சொல்லுங்க.

#39 கேமராமேசை

அங்கே ஒன்ஸ் இருந்தால் இருக்கட்டும். இருக்க வேண்டிய இடம்தான் அது. காணொளி சொன்னது முழுப் படம். ஒரு ஷாட்டைக் காட்டி 124 நிமிடத்துக்குக் கையெழுத்து வாங்க முடியாது. மதுக்கடையில் பேசுகிறார்கள், பள்ளியில் வரிசையில் நிற்கிறார்கள், கர்னல் அறையில் வாதாடுகிறார், அங்கெல்லாம் உருவத்தை எண்ணி, அடுக்கு வாரியாக, நேரத்தோடு இங்கே போடுங்கள். அதுவரை நொடிக்கு 21.5 செல், இரண்டு அடுக்கென்றால் 10.75.

#40 நியோடோக்கியோ88

மதுக்கடை எதுக்கு? ஸ்டேடியத்துக்கு பதில் சொல்லாம ஓடாதீங்க. 24.

#41 கேமராமேசை

10.75.

#42 புள்ளிமயில்

38-ஆம் பதிவில் "ஸ்டேடியம்". விளையாட்டரங்கம் என்று எழுதக் கை வலிக்குமா?